படகு வாங்கும் முன் கரையைப் படியுங்கள்

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே பீறிடும். அப்படி இறைக்கும் நீரில் ஒரு பகுதி பரவனாற்றில் இறங்கி, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி எனப் பாசனத்துக்கு உதவி, மிச்சம் உப்பனாற்றில் கலந்து கடலூரில் கடல் சேர்கிறது. அந்தக் கரையோரக் கடல்தான் கிழங்கானும் நெத்திலியும் மடவையும் நண்டும் பிடிபடும் இடம். அவற்றைப் பிடித்துவருபவை பெரும்பாலும் சின்னஞ்சிறு ஃபைபர் படகுகள்.

பணி ஓய்வுப் பணத்தில் ஒரு படகு வாங்கிவிட்டால் என்ன என்று நினைக்கும் நெய்வேலி நகரியவாசிக்குச் சொல்ல ஒன்று உண்டு. சிறு படகுக்கு ஆழ்கடலை விட ஆபத்தானது கரையை ஒட்டிய சில நூறு மீட்டர் தூரம். படகை ஆளத் தெரிவது என்றால் அந்தத் தூரத்தைக் கடக்கத் தெரிவதுதான்.

கட்டுமரம் போய், ஃபைபர் வந்தது

2004 டிசம்பர் 26-ல் சுனாமி தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேவனாம்பட்டினம் தொடங்கித் தெற்கே சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை வரை கட்டுமரங்களும் வலைகளும் ஏராளமாக அழிந்தன. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர் படகுகள். முன்பே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் கரை முழுக்கப் பரவிவிட்டது.

லாபம் கண்கூடு. ஏழெட்டு மீட்டர் நீளப் படகில் பத்துக் குதிரைத்திறனை ஒட்டிய இன்ஜினை மாட்டினால், துடுப்பும் பாயும் போன தூரத்தைப் போல் பல மடங்கு போகலாம். மீனும் அதிகம் ஏற்றலாம். ஆனால் கட்டுமரம், கயிற்றால் பிணைத்த வெறும் மரக்கட்டைகள். அலை மேலே ஏறினால் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். ஃபைபர் படகுக்குள் தண்ணீர் புகுந்தால் தேங்கி நிற்கும். இன்ஜின் நனைந்து நின்றுவிட்டால் படகு அலையின் இழுப்புக்குப் போய்விடும். வேகம் கூடியபோது தவறைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை குறைந்துவிட்டது.

அலை உடையும் இடம்

ஓர் அலை, தன் உயரத்தைவிடச் சற்றே அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையும். ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் சரியும். எனவே வெள்ளை நுரை விடாமல் தெரியும் இடமெல்லாம் மணல்திட்டு. தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் கணக்குக்காகத்தான். பெரிய அலைகள் கூட்டமாக வரும். பின்னால் சிறு ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில் படகைத் தள்ளி ஏற வேண்டும். படகின் முன்பகுதியான அணியம் அலையை நேராகப் பார்த்தே இருக்க வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் அலை படகை உருட்டிவிடும்.

திரும்பி வருவது இதைவிடக் கடினம். அலை பின்பகுதியான அமரத்தைத் தூக்கினால் அணியம் நீரில் குத்தும், படகு சுழன்று குறுக்கே விழும். ஆகவே, கை பழகியவர் ஓர் அலையின் முதுகுக்குப் பின்னாலேயே, அதை முந்தாமல், பின்னால் வருவதற்கும் இடம் கொடுக்காமல் கரைக்கு வருவார். தரை நெருங்கும்போது, நீண்ட தண்டின் முனையில் இறக்கை சுழலும் லாங்டெயில் இன்ஜினின் கைப்பிடியை அமுக்குவார். தண்டு மேலெழுந்து, சுழலும் இறக்கை மணலில் மோதாமல் தப்பும். ஆழம் குறைந்த கரைகளில் அந்த இன்ஜினை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

ஆற்று முகத்துவாரம் வேறொரு பாடம். வெள்ளாறு பரங்கிப்பேட்டையிலும், கெடிலமும் உப்பனாறும் கடலூரிலும் கடல் சேர்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் அலை மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கியும் நகர்த்துகிறது. மழைக்கால வெள்ளம் வாயை அகலமாக்கும். கோடையில் மணல் அடைக்கும். போன மாதம் படகு போன வழி இந்த மாதம் திட்டாகியிருக்கலாம். நீர் வற்றி ஆறு வெளியே இழுக்கும் நேரத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் வாயில் அலை செங்குத்தாக எழும். அப்போது உள்ளே நுழைய அவசரப்படாமல் வெளியிலேயே காத்திருப்பதுதான் புத்தி.

சொந்தக்காரர் செய்ய வேண்டியவை

மீன்வளத்துறையில் பதிவு, படகில் தெளிவாக எழுதிய பதிவு எண், ஆட்களுக்கு உயிர்காப்பு உடை: இவை இல்லாமல் கடலில் இறங்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் இன்ஜினை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோக இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலே போதும். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் படகும் கரையேற வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல் நெய்வேலி மரங்களை வேரோடு சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆபத்தில் அழைக்க கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

பணம் போட்டவரே படகுக்கு முழு எஜமான் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். எண்ணெய்ச் செலவு போக மிச்சம் ஆட்களுக்கும் படகுக்கும் வலைக்குமாகப் பங்கு பிரிகிறது. எந்தக் கரையில் யார் படகு நிறுத்துவது, எந்த வலையை எப்போது இறக்குவது என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல் நிற்கும். வெளியூர்க்காரர் அந்த ஊரோடு பேசாமல் படகு மட்டும் வாங்கினால் அது கரையில் காய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கரையோரம் யாருடையது?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. பெரிய விசைப்படகுகள் கரையை ஒட்டி வரக்கூடாது என்பது அதன் முக்கிய ஏற்பாடு. முதலில் 3 கடல் மைல் என்றிருந்த எல்லை பின்னர் 5 கடல் மைல் ஆனது, அதாவது சுமார் 9 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மீன் குஞ்சுகள் வளர்வது ஆழம் குறைந்த நீரில். விசைப்படகின் இழுவலை அங்கே தரையை வழித்தால் அடுத்த ஆண்டின் மீன்பாட்டையே வழித்துக்கொண்டு போகிறது; சிறு படகுக்காரர் விரித்து வைத்த வலையையும் அறுக்கிறது. மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குவலை பற்றிய பிரச்சினை கடலூர்க் கரையில் ஊர்களையே பிரித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் 2 நாள் என்ற நிபந்தனையோடு அந்த வலைக்கு இடைக்கால அனுமதி தந்தது.

எல்லைகளைக் காகிதத்தில் வைத்திருந்தால் போதாது, கடலில் காவல் காக்க வேண்டும். சிறு படகு பிழைக்குமா பிழைக்காதா என்பது அதில்தான் இருக்கிறது. நெய்வேலியில் மீன் வாங்குபவருக்கும் இதில் பங்கு உண்டு: விரல் நீளக் குஞ்சு மீன் தட்டில் குவிந்திருந்தால் வாங்காமல் திரும்புங்கள். படகே வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பருவம் முழுக்க யாராவது ஒருவரின் படகில் ஆளாகப் போய்வரட்டும். அலை உடையும் இடத்தை அந்தப் பருவத்தில் கடந்து பழகிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அவர் படகு வாங்கத் தகுதியானவர்.