ஒற்றைச் செல் டார்ச்சு விளக்கு: சோதித்தலும் செப்பனிடுதலும்

இரவு நேரத்தில் ஊர்ப்புறங்களுக்குச் செல்லும் களப்பணியாளர்க்குச் சட்டைப்பையில் அடங்கும் சிறு டார்ச்சு விளக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வரப்பின் குறுக்கே கிடக்கும் பாம்பையும், அறுந்து தொங்கும் மின்கம்பியையும் காலை வைக்குமுன் காட்டுவது அதுவே. அவ்விளக்கு ஒரு நாள் எரியாது போயின் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குதல் இந்நாளில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் அதனைப் பிரித்துப் பார்ப்போமானால், ஒளி தரும் உறுப்பு பழுதுற்றிருத்தல் அரிது. துருப்பிடித்த சுருள்வில்லோ, அழுக்கேறிய மரையோ, தேய்ந்த பொத்தானோதான் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும்.

இவற்றைச் சரிசெய்ய வேண்டும் உதிரி உறுப்புகள் பெங்களூரின் பழைய நகர்ப்பகுதியில், மக்கள் எஸ்.பி. ரோடு என வழங்கும் சதர் பத்ரப்பா சாலைக் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கின்றன. சிவசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கங்களுக்கென உண்டாக்கப்பட்ட நீர்மின்சாரம் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் இந்நகரின் தெருவிளக்குகளை ஏற்றிவைத்தது. மின்னொளியை அத்துணை முன்னதாகவே கண்ட ஊரில் இக்கடைத்தெரு அமைந்திருப்பது பொருத்தமே.

பழுதைத் தேடுமுன் விளக்கு இயங்கும் முறையை அறிதல் வேண்டும். பழைய டார்ச்சில் இழைவிளக்கு இருந்தது. செல் சிறிது தளர்ந்தால் ஒளி மஞ்சளாகி மங்கும், அவ்வளவே. எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டயோடின் இயல்பு வேறு. அதற்கு ஒரு வாயில்-மின்னழுத்தம் உண்டு; அதனை எட்டும்வரை மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். சிவப்பு டயோடுக்கு இது சுமார் 1.8 வோல்ட்டு. வெள்ளை டயோடு என்பது உண்மையில் மஞ்சள் ஒளிர்பொருள் பூசிய நீல டயோடே ஆகும். அதற்குச் சுமார் 3 வோல்ட்டு வேண்டும். நீல ஒளித்துகள் ஒன்றைப் பிறப்பிக்க 2.7 எலெக்ட்ரான்-வோல்ட்டு அளவில் ஆற்றல் செலவாவதே இதற்குக் காரணம். சிவப்பு டயோடை நிக் ஹொலோன்யாக் 1962-இல் செய்து காட்டினார். நீல டயோடு கைகூடுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர்.

பென்சில் செல் ஒன்று தருவதோ 1.5 வோல்ட்டு, மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் செல்லாயின் 1.2 வோல்ட்டு. ஆகவே ஒற்றைச் செல் விளக்கினுள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சிறு சுற்று ஒன்று கட்டாயம் உண்டு. ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைப் பாயவிட்டுத் திடீரெனத் துண்டிப்பின், சுருளில் எழும் மின்னழுத்தம் செல்லின் மின்னழுத்தத்தோடு சேர்ந்து டயோடை எரிக்கிறது. இது வினாடிக்குப் பல்லாயிரம் முறை நிகழ்வதால் கண்ணுக்குத் தொடர்ந்த ஒளியாகத் தோன்றுகிறது.

இதனின்று விளையும் ஒரு முடிவைச் செப்பனிடுவோர் மறத்தலாகாது. டயோடில் 3 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். அது 60 மில்லி வாட்டு. சுற்றின் திறன் நூற்றுக்கு எழுபது எனின், செல்லினின்று சுமார் 86 மில்லி வாட்டு, அதாவது 1.5 வோல்ட்டில் 57 மில்லி ஆம்பியர் இழுக்கப்படும். செல் 1.1 வோல்ட்டுக்குத் தளர்ந்த நிலையில் அதே ஒளியைத் தரவேண்டுமாயின் 78 மில்லி ஆம்பியர் வேண்டும். செல் தளரத் தளர அதன் சுமை கூடுகிறது. வழியிலுள்ள மோசமான தொடுப்பு ஒன்று 0.1 வோல்ட்டை விழுங்கினால், நான்கு செல் விளக்கில் அது பொருட்டன்று. இங்கோ பதினைந்தில் ஒரு பங்கு போயிற்று.

எனவே முதலில் செல்லைச் சோதிக்க. வெறுமனே மல்டிமீட்டரை வைத்து 1.5 வோல்ட்டு காட்டுகிறது எனக் கொண்டு அமைதல் பலரும் செய்யும் பிழையாகும். செல்லின் முனைகளுக்கிடையே 10 ஓம் மின்தடையை இணைத்து, அந்நிலையில் அளக்க வேண்டும். 1.3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் செல் நல்லது, 1.1-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுக. வகுப்பில் இதனையே உள்மின்தடைக் கணக்காகவும் தரலாம்: சுமையின்றி 1.5, சுமையுடன் 1.4 வோல்ட்டு எனின், மின்னோட்டம் 0.14 ஆம்பியர், உள்மின்தடை சுமார் 0.7 ஓம்.

அடுத்து, அடிமூடியைக் கழற்றிவிட்டு, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் எதிர்முனையிலும் மற்றதை உலோகக் குழாயின் விளிம்பிலும் தொடுக. விளக்கு எரிந்தால் தலைப்பகுதி நலமாக உள்ளது. குற்றம் மூடியிலுள்ள வில்லிலோ பொத்தானிலோ இருக்கிறது. இவ்வொரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். அலுமினியக் குழாய்களின் மேற்பூச்சு மின்கடத்தாதது என்பதையும் நினைவிற்கொள்க. பூச்சற்ற விளிம்பு வட்டம் ஒன்றே மின்சாரத்தின் வழி. அதில் எண்ணெயும் தூசியும் படிந்திருப்பின் ஸ்பிரிட்டு நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.

செல் கசிந்து வெண்பொடி படிந்திருப்பதே மிகுதியாகக் காணும் கேடு. ஆல்கலைன் செல்லின் கசிவு காரத்தன்மையுடையது. பஞ்சில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ நனைத்துத் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து நன்கு உலர்த்துக. மலிவான கார்பன்-துத்தநாகச் செல்லின் கசிவு அமிலத்தன்மையுடையது. அதற்குச் சமையல் சோடாக் கரைசலே ஏற்றது. இரண்டையும் வெறுங்கையால் தொடுதல் கூடாது, கண்ணைக் காத்துக்கொள்க. முலாம் போன வில்லை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதன் இரு முனைகளையும் மெல்லிய செப்புக்கம்பியால் இணைத்துப் பற்றவைத்தால், மின்னோட்டம் எஃகுச் சுருளைச் சுற்றிச் செல்லாது நேரே செல்லும்.

இவ்வளவுக்குப் பின்னும் எரியாவிடில் டயோடைச் சோதிக்க. 3 வோல்ட்டு நாணயச் செல்லைச் சரியான முனைவரிசையில் தொட்டால் நல்ல டயோடு மங்கலாகவேனும் ஒளிரும். சிறிய செல்லின் உள்மின்தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் டயோடுக்குத் தீங்கில்லை. டயோடு ஒளிர்ந்து விளக்கு எரியாதாயின், பழுது உயர்த்துச் சுற்றில் உள்ளது.

விளக்கைத் திருத்தி ஒளியைப் பெருக்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பென்சில் செல்லின் அளவிலேயே 14500 என்ற எண்ணுடன் லித்தியம் செல் விற்கப்படுகிறது. முழு மின்னேற்றத்தில் அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டு. எளிய உயர்த்துச் சுற்றில் இது டயோடின் வாயிலைத் தாண்டிவிடுவதால், மின்னோட்டம் சுருளின் வழியே தடையின்றி நேரே பாயும். விளக்கு கண்ணைக் கூசவைக்கும். ஒரு சில நிமிடங்களில் டயோடு கருகும், செல்லும் ஆபத்தான வெப்பத்தை அடையலாம். இச்செல்லுக்கென்றே அமைந்த விளக்கிலன்றி இதனைப் பயன்படுத்தற்க.

ஆசிரியர்கள் உயர்த்துச் சுற்றைத் தாமே செய்து காட்டலாம். பிரிட்டனின் மின்னணு இதழொன்றில் 1999-இல் வெளியாகி, பின்னர் ‘ஜூல் திருடன்’ எனப் பெயர்பெற்ற அமைப்பு மிக எளிது. எறிந்த சி.எஃப்.எல். விளக்கினின்று எடுத்த சிறு பெரைட்டு வளையத்தில் இரு கம்பிகளைச் சேர்த்து இருபது சுற்றுச் சுற்றுக. முதற் கம்பியின் முடிவையும் இரண்டாவதன் தொடக்கத்தையும் இணைத்துச் செல்லின் நேர்முனையில் சேர்க்க. மீதியுள்ள இரு முனைகளில் ஒன்று பிசி 547 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும், மற்றது 1,000 ஓம் மின்தடை வழியே பேசுக்கும் செல்லும். எமிட்டர் செல்லின் எதிர்முனைக்கு. டயோடின் நேர்முனை கலெக்டரிலும் எதிர்முனை எமிட்டரிலும் அமையும். டயோடு இன்றிச் சுற்றை இயக்கினால் எழும் மிகை மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்கக்கூடும்.

சிலிக்கன் டிரான்சிஸ்டர் தொடங்குவதற்குச் சுமார் 0.6 வோல்ட்டு தேவை. ஆய்வகப் பேழையில் ஏசி 127 போன்ற பழைய ஜெர்மானிய டிரான்சிஸ்டர் கிடைத்தால் அதனை எறியற்க. பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-இல் தோன்றிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்து விற்றவை அவை. 0.3 வோல்ட்டு அளவிலேயே தொடங்கும் அவற்றைக் கொண்டு, கடிகாரத்தையும் ஓட்டமாட்டாத செல்லினின்று ஒளி பெறுவதை மாணவர்க்குக் காட்டலாம். ஆனால் அத்தகைய செல்லை விளக்கினுள் நாட்கணக்கில் விட்டுவைப்பின், மேற்சொன்ன கசிவு உறுதி.

முதன்முறை சுற்று எரியாவிடில் மனந்தளர வேண்டுவதில்லை. ஏதேனும் ஒரு கம்பியின் இரு முனைகளை மட்டும் மாற்றி இணைத்துப் பார்க்க. பத்துக்கு ஒன்பது முறை பிழை அங்கேதான் இருக்கும்.