கார்டை மாற்றுவதற்கு முன்னர் வயரைப் பாருங்கள்

தோட்டங்களில் சம்பளம் கொடுக்கும் நாளில் வட்டவளை, ஹட்டன், நாவலப்பிட்டி கடைகளில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பதை மலையக வர்த்தகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஒரு பொருளின் விலையைக் காட்டவே கம்பியூட்டர் அரை நிமிடம் எடுத்தால், வரிசையில் நிற்பவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

காசாளர் மேசையில் ஒன்று, உள்ளே கணக்குப் பார்க்கும் இடத்தில் ஒன்று என இரண்டு கம்பியூட்டர் வைத்திருக்கும் கடைகள் இன்று அதிகம். சரக்குக் கணக்கு ஒன்றில் இருக்கும், பில் மற்றதில் போடப்படும். இரண்டையும் வயர் மூலம் பேச வைப்பது நெட்வேர்க் கார்ட் எனும் சிறிய பாகமாகும். வேகம் குறைந்தவுடன் நம்மில் பலர் புதிய கார்ட் வாங்குகின்றனர், அல்லது இன்டர்நெட் பெக்கேஜைக் கூட்டுகின்றனர். பழுது வேறிடத்தில் இருந்தால் இரண்டு செலவும் வீண். எங்கே பழுது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியை ஒழுங்காகப் பார்ப்போம்.

உள்ளேயா, வெளியேயா?

2004 ஆகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியதால் நாட்டின் இன்டர்நெட் சேவை பெரிதும் தடைப்பட்டது. அப்படிப்பட்ட பழுதுக்குக் கடைக்காரர் எதுவும் செய்ய முடியாது. ஆகவே நமது பழுது கடைக்கு உள்ளேயா, வெளியேயா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைஃபையை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய ஃபைலை ஒரு கம்பியூட்டரிலிருந்து மற்றதற்கு வயர் வழியாகக் கொப்பி செய்து பாருங்கள். அது விரைவாகப் போய், இன்டர்நெட் மட்டும் மெதுவாக இருந்தால், ஒரு கம்பியூட்டரை நேரே ரௌட்டரில் பொருத்திப் பாருங்கள். அப்போதும் மெதுவென்றால் சேவை வழங்கும் நிறுவனத்திடம் முறையிடலாம். கொப்பி செய்வதே மெதுவென்றால் கோளாறு கடைக்குள்ளே இருக்கின்றது.

கொப்பி நடக்கும்போது டாஸ்க் மெனேஜரையும் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 வீதம் என்று நின்றால் நெட்வேர்க்கில் குற்றமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கோ வைரஸ் தேடும் மென்பொருளோ இழுத்துப் பிடிக்கின்றது.

எண் சொல்லும் உண்மை

கன்ட்ரோல் பெனலில் நெட்வேர்க் அன்ட் ஷேரிங் சென்டரைத் திறந்து, ஈதர்நெட் என்பதை அழுத்துங்கள். ஸ்பீட் என்ற சொல்லுக்கு எதிரே 10, 100 அல்லது 1000 மெகாபிட் என்ற பொருளில் ஓர் எண் இருக்கும். ஆயிரத்தை 1 கிகாபிட் என்று காட்டும்.

இந்த மூன்று எண்களும் மூன்று தலைமுறைகள். ஈதர்நெட் முறை 1973 இல் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் உருவானது. செப்புக் கேபிளில் 100 மெகாபிட் வேகத்துக்கான தரம் 1995 இலும், 1000 மெகாபிட்டுக்கான தரம் 1999 இலும் வந்தன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 1 கிகாபைட் அளவுள்ள கணக்குப் பிரதியை அனுப்ப, கணக்குப்படி 1000 வேகத்தில் 8 செக்கன், 100 இல் 80 செக்கன், 10 இல் 13 நிமிடத்துக்கு மேல் தேவை. நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் இன்டர்நெட் பெக்கேஜ் 20 மெகாபிட் என்றால், கார்ட் 100 ஆக இருந்தாலும் 1000 ஆக இருந்தாலும் இன்டர்நெட் ஒன்றுதான். வேகமான கார்டின் பலன் கடைக்குள் இருக்கும் கம்பியூட்டர்களுக்கு இடையில் மட்டுமே தெரியும். அதுவும், நடுவில் இருக்கும் சுவிட்ச் அல்லது ரௌட்டர் 100 மெகாபிட் வகையாக இருந்தால் எல்லாம் 100 இலேயே நிற்கும்.

வட்டவளை மழையும் வயரின் நுனியும்

கார்டும் சுவிட்சும் 1000 வகை, ஆனால் திரையில் 100 என்று காட்டுகின்றது என்றால் முதற் சந்தேகம் கேபிள் மீது விழ வேண்டும். அதற்குள் எட்டுச் சிறு கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 வேகத்துக்கு இரண்டு சோடி போதும். 1000 வேகத்துக்கு நான்கும் வேண்டும். 100 வேகத்துக்குத் தேவைப்படாத சோடிகளில் ஒரு கம்பி மட்டும் தொடர்பு விட்டுப்போனாலும் இணைப்பு 100 க்கு இறங்கி, ஒன்றும் நடக்காதது போல் வேலை செய்துகொண்டிருக்கலாம். அதனால்தான் பலர் கேபிளைச் சந்தேகிப்பதில்லை.

வட்டவளை நாட்டில் மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கின்றது. ஈரக்காற்றில் கேபிள் நுனியின் உலோகத் தொடுகைகள் களிம்பேறும். எலி கடிப்பதும், சாக்கு மூட்டைக்கு அடியில் கேபிள் நசுங்குவதும் இதனுடன் சேரும். நுனியைக் கழற்றிப் பாருங்கள். பச்சை நிறம் படிந்திருந்தால் அந்த நுனியை வெட்டிப் புதிது பொருத்த வேண்டும்.

நன்றாக வேலை செய்யும் வேறொரு கேபிளைப் போட்டுப் பார்ப்பதே இலகுவான சோதனை. வேகம் ஏறினால் பழுது பிடிபட்டது. ஏறாவிட்டால் சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிள் வாங்கும்போது முழுச் செப்பா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செப்புப் பூசிய மலிவு வகை நீண்ட தூரத்துக்கு உகந்ததல்ல. நல்ல கேபிளுக்கும் எல்லை 100 மீற்றர்.

ஒற்றைப் பாதை, இரட்டைப் பாதை

நமது மலையக ரயில் பாதை ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் ஸ்டேஷனில் நின்று வழிவிட்டுத்தான் போக வேண்டும். நெட்வேர்க்கிலும் இப்படி ஒரு முறை உண்டு. ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது ஹாஃப் டுப்ளெக்ஸ், இரு பக்கமும் பேசுவது ஃபுல் டுப்ளெக்ஸ்.

வேகம் கூட்டுகிறேன் என்று கார்டில் 100 ஃபுல் டுப்ளெக்ஸ் என்று கையால் நிலைநிறுத்திவிட்டு, சுவிட்சை ஓட்டோவில் விட்டுவிடுவதுண்டு. அப்போது சுவிட்ச் வேகத்தை அறிந்துகொள்ளும், டுப்ளெக்ஸை அறிய முடியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். ஒரு பக்கம் இரட்டைப் பாதை என்றும், மறுபக்கம் ஒற்றைப் பாதை என்றும் நினைத்து ரயில் ஓட்டுவதைப் போன்றது இது. சிறிய தகவல்கள் போய்ச் சேரும், பெரிய ஃபைல் ஊர்ந்து செல்லும். டிவைஸ் மெனேஜரில் கார்டைத் திறந்து, அட்வான்ஸ்ட் பகுதியில் ஸ்பீட் அன்ட் டுப்ளெக்ஸ் என்பதை ஓட்டோவில் வைத்தால் சீராகும்.

அதே இடத்தில் பவர் மெனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை நிறுத்திவைக்க அனுமதிக்கும் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சற்று நேரம் சும்மா இருந்தபின் முதல் பில் மட்டும் தாமதமாவதற்கு இது காரணமாகலாம். கார்டின் டிரைவரையும் கம்பியூட்டர் தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில்தான் கார்ட்

இத்தனையும் செய்தும் பலனில்லை என்றால் கார்டை மாற்றலாம். யூஎஸ்பி வகை வாங்குவதாயின் யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும், கம்பியூட்டரிலும் அதே வகைத் துளையில் பொருத்துங்கள். யூஎஸ்பி 2 இன் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். அதில் 1000 மெகாபிட் கார்ட் முழு வேகம் தராது.

மலையகத்தில் கார்டுகளுக்குப் பெரிய எதிரி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை அதிகம். வானம் கறுக்கத் தொடங்கும்போதே மின்சாரப் பிளக்குடன் டெலிபோன் வயரையும் நெட்வேர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் வயரில் கை வைக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், ரௌட்டருக்குப் போகும் மின்வயரும் கடைக்குள் ஓடும் செப்புக் கேபிளும் கடத்தும். கடையிலிருந்து தனிக் கட்டடத்திலுள்ள ஸ்டோருக்குச் செப்புக் கேபிளை வெளியால் இழுப்பதைத் தவிர்த்து, அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போடுவது பாதுகாப்பானது.

சோதித்த ஒரு கேபிளை எப்போதும் மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். வேகம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் திரையில் தெரியும் எண்ணைக் கணக்குக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். சம்பள நாளுக்கு முந்திய நாள் அந்த எண்ணை ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தால், கூட்டம் வருவதற்கு முன்னரே கோளாறு தெரிந்துவிடும். பழுது பார்ப்பவரை அழைக்க நேர்ந்தாலும், எதையெதைப் பார்த்தோம் என்று அவரிடம் சொல்ல முடியும். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.