நியான் ஒளிக்கம்பத்திற் பிழை காணும் முறை

1898-ஆம் ஆண்டில் ராம்ஸே, டிராவர்ஸ் என்னும் இரு ரசாயன சாஸ்திரிகள் லண்டன் மாநகரில் நியான் வாயுவைக் கண்டறிந்தனர். இவ்வாயுவைக் குறைந்த அழுத்தத்திற் கண்ணாடிக் குழாயிலடைத்து மின்சாரஞ் செலுத்தின், செம்மஞ்சள் ஒளி தோன்றும். இவ்வியல்பைக் கொண்டு சோவியத் நாட்டில் இயற்றப்பெற்ற ஐ.என்.-13 என்னுங் குழாய், மின்னோட்டத்தின் அளவை ஒளிக்கோட்டின் நீளத்தாற் காட்டுவது. இத்தகைய பழங்குழாய்கள் இக்காலத்தில் அரியன. ஆதலின், இயக்குஞ் சுற்றின் குற்றத்தைக் குழாயின் குற்றமெனக் கருதி நல்லதை எறிந்துவிடுதல் பெருநஷ்டமாகும்.

இக்குழாயில் ஒளி, கதோட் கம்பியைச் சூழ்ந்து படர்வது. கம்பியின் ஒவ்வோர் அளவு பரப்பும் ஏறத்தாழ ஒரே அளவான ஓட்டத்தையே ஏற்கும். ஓட்டம் மிகுந்தால் ஒளி புதிய பரப்பை நாடி மேலேறும். அழுத்தமோ பெரிதும் மாறாது நிற்கும். எனவே நாம் ஆளவேண்டுவது ஓட்டத்தையேயன்றி அழுத்தத்தையன்று.

சாதாரணச் சுற்றில், ஆனோட் ஏறத்தாழ 140 வோல்ட்டுடனும், கதோட் உயரழுத்தந் தாங்கும் டிரான்ஸிஸ்டரின் கலெக்டருடனும் இணைக்கப்படும். எமிட்டரின் கீழ் 470 ஓம் தடை இருப்பின், 4.5 மில்லி ஆம்பியர் ஓடுங்கால் அதன்மேல் 2.1 வோல்ட் காணும். ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி இதனை உள்வரும் அழுத்தத்தோடு ஒப்பிட்டு, டிரான்ஸிஸ்டரின் பேஸை ஆளுகின்றது.

சோதனை தொடங்குமுன் ஒன்று நினைவிற் கொள்க: இவ்வழுத்தம் உயிரையும் வாங்கவல்லது. விசையை நிறுத்திய பின்னும் மின்தேக்கியில் மின்சாரந் தங்கியிருக்கும். தக்க தடை வழியே அதனை இறக்கி, மீட்டரால் உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

உள்ளழுத்தம் சூனியமாயிருந்தும் குழாய் முற்றும் ஒளிருமாயின், டிரான்ஸிஸ்டரிற் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாய்ப் பற்றிக்கொண்டிருத்தல் கூடும். உடனே விசையை நிறுத்துக. ஒளி அடியினின்று எழாது நடுவிலே தோன்றின், அடியிலுள்ள துணைக் கதோட்டின் இணைப்பையும் அதன் தடையையும் ஆராய்க. ஒளிமுனை இடையறாது நடுங்கின், மின்வழங்கியின் அலைவை ஐயுறுக. பாதிக்குமேல் ஏறாது நின்றுவிடின், வழங்கும் அழுத்தம் போதாதென்பது ஒரு காரணமாகலாம்.

ஒளியே தோன்றாதவிடத்து ஒரு மயக்கம் நேரும். எமிட்டர்த் தடையில் உரிய 2.1 வோல்ட் இருத்தலைக் கண்டு, 'சுற்று நன்று, குழாயே கெட்டது' என முடிவு செய்வாருண்டு. அது தவறாகலாம். குழாயின் வழியே ஓட்டம் வாராதபோது, பெருக்கியானது பேஸ் வழியாகவே அவ்வோட்டத்தைத் தந்து, தடையின்மேல் அதே அழுத்தத்தை உண்டாக்கிவிடக்கூடும். ஆகையாற் கலெக்டரின் அழுத்தத்தையும் அளக்க. அது எமிட்டரின் அழுத்தத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பின், மேலிருந்து ஓட்டம் வரவில்லை யென்பது தெளிவு. அப்பொழுது முதலில் 140 வோல்ட் உளதாவென்றும், பின்னர்ப் பற்றுவைப்புகள் உறுதியானவையா வென்றும் நோக்குக. இவையெல்லாஞ் சரியாயிருந்தாலன்றிக் குழாயைக் குறைகூறல் நியாயமன்று.

ஓரளவை மட்டுங் கொண்டு தீர்ப்பளியாது, அதற்குச் சான்றாக மற்றோரளவையும் நாடுதலே சாஸ்திர நெறியாம்.