‘பால் ஊறல’ன்னு சர்க்கரைத் தண்ணி கொடுக்கலாமா? சீம்பால் ஹார்மோன்கள் செய்யும் வேலை என்ன?

குழந்தை பிறந்த முதல் நாளில் பல வீடுகளில் கேட்கும் வார்த்தை, “பால் இன்னும் ஊறல”. உடனே சர்க்கரைத் தண்ணீர், தேன் எனச் சேனை வைப்பார்கள். தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்களில் கழுதைப்பாலைத் தேடுவோரும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் குழந்தைக்குத் தேவையானது சீம்பால் மட்டும்தான்.

இவ்வளவு கொஞ்சம் போதுமா?

போதும். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே குழந்தையின் வயிறு கேட்கும். மற்றதைக் கொடுத்து வயிற்றை நிரப்பினால் குழந்தை சப்புவது குறையும். சப்பினால்தான் அம்மாவுக்குப் பால் சுரக்கும்.

ஹார்மோன்கள் என்ன செய்கின்றன?

பிறந்த குழந்தையின் குடல் முழுமையாக முதிர்ந்திருக்காது. சீம்பாலில் அதிகமுள்ள ‘இ.ஜி.எஃப்’ எனும் வளர்ச்சிக் காரணி, குடலின் உள்சுவர் வளரவும் புண் ஆறவும் உதவுகிறது. இன்சுலினும் குடல் முதிர்ச்சிக்குத் துணைநிற்கிறது. பசியோடு தொடர்புடைய லெப்டின், இரவுப் பாலில் கூடும் மெலடோனின் ஆகியவையும் தாய்ப்பாலில் உள்ளன. பவுடர் பாலில் இவை இதே போல் கிடைப்பதில்லை.

குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் ‘என்.இ.சி’ நோயின் ஆபத்தையும் தாய்ப்பால் குறைக்கிறது. தாயிடம் பால் கிடைக்காதபோது, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் இருப்பது போன்ற தாய்ப்பால் வங்கிகள் கைகொடுக்கின்றன. தானப் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவதால் சில ஹார்மோன்கள் குறையும். அதனால்தான் பெற்ற தாயின் பாலுக்கே முதலிடம்.

தமிழகத்தில் நிலை என்ன?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கு கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் சுமார் 60 சதவீதமே. சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம். சிசேரியன் ஆன அம்மாவும், நர்ஸ் உதவியோடு படுத்தபடியே பால் கொடுக்கலாம்.

தேன் நாக்கில் தடவினால் என்ன?

ஒரு வயது வரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி, ‘பொட்டுலிசம்’ எனும் ஆபத்தான நோயைத் தரலாம். காய்ச்சாத கழுதைப்பாலிலும் கிருமித்தொற்று அபாயம் உண்டு. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

* பிறந்த 24 மணி நேரத்துக்குள் கருமையான முதல் மலம் போகாவிட்டால்
* பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால்
* வயிறு உப்பிக் கெட்டியானால்
* மலத்தில் ரத்தம் வந்தால்
* பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால்

இதில் ஒன்று இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்க. பால் கொடுப்பதில் சந்தேகம் இருந்தால், 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.