டார்க் ரெஞ்ச்: வாங்கும் முன் பார்க்க வேண்டியதும், வாங்கிய பின் சோதிக்க வேண்டியதும்

களைக்கொல்லி அடிக்கிறவருக்குப் பவர் வீடர் ஒரு வசதி. நமக்கு அது இல்லாமல் ஆகாது. கார்த்திகை மழை விட்டதும் கூடுவாஞ்சேரிப் பக்கம் களை எழும்புகிற வேகத்துக்கு, வீடர் பத்து நாள் மெக்கானிக் கடையில் கிடந்தால் கத்தரிச் செடியைக் களைக்குள்ளே தேட வேண்டியதுதான். ஆள் வைத்து எடுக்கலாம் என்றால் ஆள் எங்கே? கட்டட வேலை, மறைமலை நகர் கம்பெனி வேலை என்று எல்லோரும் போயாச்சு.

எங்கள் குழுவில் சிலர் சேர்ந்து வீடரையும் பெட்ரோல் பம்பையும் பொதுவில் வைத்திருக்கிறோம். கழற்றி மாட்டுகிற வேலை என்னுடையது. நான் பார்த்தவரை இந்தச் சின்ன எஞ்சின்கள் தேய்ந்து சாவது குறைவு. போல்ட்டை முறுக்குவதில்தான் பாதி சாகின்றன. எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் லேத்துப் பட்டறையில் ஹெலிகாயில் போட வேண்டும். குறைவாக முறுக்கினால் ஹெட் கேஸ்கட் வழியே காற்றுக் கசியும், எஞ்சின் இழுக்காது. கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்தால் இன்னும் மோசம்: ராடு உடைந்து கிராங்க் கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதற்கு மேல் ரிப்பேர் இல்லை, வேறு எஞ்சின்தான்.

"கை அளவு எனக்குத் தெரியும்" என்று மெக்கானிக் சொல்வார். தெரியும்தான். அந்தக் கை லாரிக்கும் டிராக்டருக்கும் பழகிய கை. அமிர்தக் கரைசலுக்கு வெல்லம் ஒரு கைப்பிடி கூடினால் ஒன்றும் ஆகாது. எட்டு மில்லி போல்ட் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது.

நம் வீடர்களில் நிறைய ஓடுவது ஹோண்டா ஜிஎக்ஸ் 160, அல்லது அதே அமைப்பில் சீனாவிலிருந்து வரும் 168எஃப் வகை. ஜிஎக்ஸ் 160-க்கு ஹோண்டா சொல்லும் அளவுகள்: கனெக்டிங் ராடு போல்ட் 12 நியூட்டன் மீட்டர், ஸ்பார்க் பிளக் 18, சிலிண்டர் ஹெட் போல்ட் 24, ஃபிளைவீல் நட்டு 75. மற்ற எஞ்சின்களுக்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள், இந்த எண்களை அப்படியே போடாதீர்கள்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், மலிவாக முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் அரை இன்ச் சதுரம் உள்ள கார் ரெஞ்ச். அதில் அளவு 28-லிருந்து 210 வரை இருக்கும். நமக்கு வேண்டிய நான்கில் மூன்று எண்கள் அதில் தொடங்கவே இல்லை! விலை மலிவு, பெட்டி பெரிசு, வேலைக்கு ஆகாது. கேட்க வேண்டியது 3/8 இன்ச் சதுரம், அதாவது மூன்று நூல். அளவு 10-லிருந்து 50 அல்லது 60 வரை. கிளிக் ரெஞ்ச் எதுவும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத் தக்கதல்ல. 60 வரை உள்ளதில் 12 அந்த விளிம்பில்தான் நிற்கும், ஆனாலும் உள்ளேதான். ஃபிளைவீல் நட்டு எப்போதோ ஒரு முறை; அதற்குப் பக்கத்துக் கார் மெக்கானிக்கிடம் அரை இன்ச் ரெஞ்சை இரவல் வாங்கினால் போதும்.

ஊசி அசைந்து காட்டும் பீம் ரெஞ்ச் இன்னும் மலிவு. உள்ளே ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. கீழே விழுந்து ஊசி வளைந்தால் அதைப் பூஜ்யத்துக்கு நிமிர்த்திவிட்டால் ஆயிற்று. என் ஓட்டு அதற்குத்தான் போகும், சின்ன அளவில் கிடைத்தால். கடைகளில் இருப்பது பெரும்பாலும் பெரிய அளவுதான். 200 வரை உள்ள அட்டையில் 12-ஐப் படிக்கக் கழுகுக் கண் வேண்டும். டிஜிட்டல் துல்லியமானது, ஆனால் பேட்டரியும் சேற்றுக் கையும் ஒத்துப்போகாது.

கூடுவாஞ்சேரியிலிருந்து எலக்ட்ரிக் டிரெயினில் பீச் ஸ்டேஷனில் இறங்கி லிங்கி செட்டி தெருவுக்கு நடந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பெட்டிக்குள் சோதனைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் உள்ள வரிசை எண்ணும் ரெஞ்சில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே தாள் என்றால் அது அச்சடித்த காகிதம், சான்று இல்லை. இந்த அளவுக் கிளிக் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789 தரம் அனுமதிப்பது 4 சதவீதம் கூடக்குறைய. 24 என்று வைத்தால் 23-க்கும் 25-க்கும் இடையில் விட வேண்டும்.

அதை நாமே சோதிக்கலாம். விலை கொடுத்து வாங்கியதை நம்புவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ரெஞ்சின் சதுர முனையைப் பெஞ்ச் வைஸில் இறுக்கி, கைப்பிடி தரைக்குச் சமமாக, முறுக்கும் திசையில் பாரம் இழுக்கும்படி நிறுத்துங்கள். அளவை 24-க்கு வைத்து, கையால் நாலைந்து தடவை கிளிக் செய்யுங்கள். பிறகு கைப்பிடியின் நடுவில் ஒரு வாளியைத் தொங்கவிட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். டக் என்றதும் நிறுத்தி, வாளியோடு எடை போடுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கயிறு வரை 25 சென்டிமீட்டர் என்றால், 10 கிலோவுக்கு 24.5 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். அது 1 கிலோ இருந்து, விரல்மேல் வைத்தால் முனையிலிருந்து 15 சென்டிமீட்டரில் சமநிலை நின்றால், அதுவே 1.5 தருகிறது. ஆக வாளி 8.8 கிலோவுக்கும் 9.6 கிலோவுக்கும் இடையில் டக் என்றால் ரெஞ்ச் நல்லது. மூன்று தடவை செய்யுங்கள். ஒரு தடவை 8, ஒரு தடவை 11 என்று தாவினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்போதும் ஒரே அளவு தவறினாலாவது அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

இப்போதைக்கு வாங்க முடியாதவர்களுக்கு: காய் எடை போடும் கொக்கித் தராசு வீட்டில் இருக்குமே? சாக்கெட் கைப்பிடியில் போல்ட் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டரில் அதை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். 12-க்கு 4.9 கிலோ, 18-க்கு 7.3, 24-க்கு 9.8. சாய்த்து இழுத்தால் கணக்குத் தப்பும். ஸ்பார்க் பிளக்குக்கு இதுகூட வேண்டாம். கையால் திருகி உட்காரவைத்த பிறகு, புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழசு என்றால் கால் சுற்றுக்குள்.

இன்னொன்று. முறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. அதனால் மரையில் சேறோ துருவோ இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணில் டக் என்றாலும் போல்ட் தளர்வாகவே இருக்கும். எண்ணெய் தடவினால் அதே எண்ணுக்குக் கூடுதலாக இழுபடும். கையேடு தடவச் சொன்ன இடத்தில் மட்டும் தடவுங்கள். ஹெட்டின் நான்கு போல்ட்டையும் குறுக்கு மறுக்காக, 10, 18, 24 என்று மூன்று சுற்றில் ஏற்றுங்கள். டக் என்றால் ஒரு தடவையோடு நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த இழுப்புக்கு ரெஞ்சே தேவையில்லை.

இறுகிய போல்ட்டைக் கழற்ற இதை எடுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வாளிச் சோதனை. இரவல் போய்த் திரும்பினாலும், யார் எவ்வளவு நல்லவரானாலும், வாளியை ஒரு தடவை தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் பெட்டிக்குள் வைப்பேன்.