ஆள் குறைந்த மெக்டவல்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வெல்ச் என்று ஒரு மலைநகரம். 1941-ல் அந்த நகராட்சி கார் நிறுத்துவதற்கென்றே பல அடுக்குக் கட்டடம் கட்டியது. தெருவில் அவ்வளவு நெரிசல். மெக்டவல் கவுண்டியின் தலைமையிடம் வெல்ச். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி.

1880களின் கடைசியில் நிலக்கரியைத் தேடி ரயில் வந்தது. பின்னாலேயே தென்மாநிலக் கறுப்பின மக்கள், இத்தாலியர், ஹங்கேரியர் என்று கூட்டம் கூட்டமாக வந்திறங்கினார்கள். 1950-ல் மெக்டவலில் 98,887 பேர். 2020-ல் 19,111 பேர்.

கரி தீர்ந்ததும் ஜனம் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். இல்லை, இன்றும் அங்கே கரி வெட்டுகிறார்கள். 1950களில் சுரங்கத்துக்குள் இறங்கிய வெட்டு இயந்திரம் பலர் வேலையை ஒன்றாகச் செய்தது. வேலை போனவர்கள் டெட்ராய்ட், ஆக்ரன், கிளீவ்லாந்து ஆலைகளுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். 1961-ல் கென்னடி அரசு உணவுப் பொருள் வாங்குவதற்கான முத்திரைகளை முதன்முதலில் கொடுத்தது இந்தக் கவுண்டிக்காரர்களுக்குத்தான். கரியை வெட்டிக் கொடுத்தவர்கள் அரிசி பருப்புக்குக் கையேந்தி நின்றதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1950களில் மாநில மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம் குறைந்தது. ஆனால் வந்தவர்களைக் கழித்துப் பார்த்தால் வெளியேறியவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை அந்த இழப்பில் பெரும்பகுதியை மறைத்துவிட்டது. இன்று அந்த மறைப்பும் இல்லை. இளவட்டங்கள் போய்விட்ட மெக்டவலில் பிறப்பைவிட இறப்புதான் அதிகம். இனி ஒருவரும் கிளம்பாவிட்டாலும் ஊர் சுருங்கும். வெல்ச்சுக்குப் பக்கத்தில் கிம்பாலில் இருந்த வால்மார்ட் கடையும் 2016-ல் மூடப்பட்டது.

அதே மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள பெர்க்லி கவுண்டியின் கதை நேர்மாறு. 1950-ல் சுமார் 30 ஆயிரம் பேர். 2020-ல் 1,22,076 பேர். காலையில் அங்குள்ள மார்ட்டின்ஸ்பர்க்கில் ரயிலேறினால் வாஷிங்டனில் போய் இறங்கி வேலை பார்க்கலாம். தலைநகர் வீட்டு விலை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே குடிவந்தார்கள். மாநிலச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு மெக்டவலின் வலியும் தெரியாது, பெர்க்லியின் வளர்ச்சியும் தெரியாது.

1950-ல் இருந்ததைவிட 2020-ல் மக்கள் குறைந்திருந்த ஒரே அமெரிக்க மாநிலம் மேற்கு வர்ஜீனியா. அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் அதற்கு 6 இடங்கள் இருந்தன. இன்று 2.