விண்வெளி நிலையத்தின் 17 மீட்டர் கை

சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் நடக்கும் கனமான வேலைகளைச் செய்வது ‘கனடாஆர்ம்2’ என்ற இயந்திரக் கை. கனடாவில் உருவான இது, 2001 ஏப்ரலில் எண்டெவர் விண்ணோடத்தில் மேலே சென்றது. நிலையத்தின் பகுதிகள் பலவற்றை உரிய இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தியதும் இதுவே. ஜப்பானிய, ஐரோப்பியக் கைகளும் அங்கே உண்டு. அவை நீளத்தில் சிறியவை.

இந்தக் கைக்கு 7 மூட்டுகள். தோள் என்று நிலையான ஒரு முனை கிடையாது. இரு முனைகளும் ஒரே அமைப்பு கொண்டவை. நிலையத்தின் வெளிப்புறத்தில் ஆங்காங்கே உள்ள பிடிமானங்களில் ஒரு முனை பற்றிக்கொண்டு மின்சாரம் பெறும். மறுமுனை வேலை பார்க்கும். இடம் மாற வேண்டுமானால் மறுமுனை அடுத்த பிடிமானத்தைப் பற்றிய பிறகு முதல் முனை விடுபடும்.

எடையற்ற இடத்தில் சுமையைக் கையாள்வது எளிது என்று தோன்றலாம். எடை உணரப்படாவிட்டாலும் பொருளின் நிறை குறைவதில்லை. நகரத் தொடங்கிய பெரும் சுமையை நிறுத்துவதுதான் கடினம். 116 டன் வரை கையாளக்கூடிய இந்தக் கை, சுமை இல்லாதபோது நொடிக்கு 37 செ.மீ. வேகத்தில் அசையும், நிலையத்தின் பாகங்களைச் சுமந்து செல்லும்போது 2 செ.மீ. வேகந்தான்.

சரக்குக் கலத்தைப் பிடிப்பது மிக நுட்பமான பணி. கலம் சுமார் 10 மீட்டர் தொலைவில் வந்து நின்று, உந்துபொறிகளை அணைத்துவிட்டு மிதக்கும். விண்வெளி வீரர் கேமராக் காட்சியைப் பார்த்தபடி, இரண்டு கைப்பிடிகளால் கையை நகர்த்துவார். ஒன்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்த; மற்றது திருப்ப. கையின் முனைக்குள் இருக்கும் 3 கம்பிவடங்கள் கலத்தின் பிடிதண்டைச் சுற்றி இறுகும். 2012 மே 25 அன்று டான் பெட்டிட் இப்படித்தான் டிராகன் கலத்தைப் பிடித்தார்.

மனிதரைச் சுமந்து செல்வதும் இந்தக் கையின் பணி. 2007இல் சூரியத் தகடு ஒன்று விரியும்போது கிழிந்தது. கையின் நீளம் போதவில்லை. விண்ணோடத்தின் நீண்ட ஆய்வுத்தண்டைக் கை பற்றிக்கொள்ள, அதன் நுனியில் நின்றபடி விண்வெளி வீரர் ஸ்காட் பரசின்ஸ்கி கிழிசலைச் சரிசெய்தார். தகட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த வழியில்லை. நிலையத்தின் வரலாற்றில் இவ்வளவு துணிச்சலான பழுதுபார்ப்பு அரிது.

2008இல் வந்த ‘டெக்ஸ்டர்’ என்ற இருகை ரோபோ, கனடாஆர்ம்2இன் நுனியில் பொருந்திப் பழுதான மின்கருவிகளை மாற்றுகிறது. இதற்காக வீரர்கள் வெளியே வரத் தேவையில்லை. பெரும்பாலும் ஹூஸ்டனிலும் கனடாவின் செயிண்ட் ஹூபர்ட்டிலும் உள்ள கட்டுப்பாட்டாளர்களே இதை இயக்குகிறார்கள்.

கைக்கும் பழுது உண்டு. 2002இல் அதன் மணிக்கட்டு மூட்டு ஒன்று விண்வெளி நடையில் மாற்றப்பட்டது. 2021 மே மாதச் சோதனையில், விண்குப்பை மோதி ஏற்பட்ட சிறு துளை தெரியவந்தது. கையின் இயக்கம் பாதிக்கப்படவில்லை.